பழைய மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டர் கோளாறைக் கண்டறிதல்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலும், ஓட்டத்தின் நடுவே திணறினாலும், வேகம் குறைத்ததும் அணைந்துபோனாலும், நம் கை முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் பக்கமே போகிறது. ஆக்சிலேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது வண்டி திணறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்வரை அதன் ஒரு ஸ்க்ரூவையும் திருப்பாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அதற்கும் முன்பாக ஸ்பார்க்கைப் பார்த்துவிட வேண்டும். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சி.பி. பாயிண்ட் தேய்வது, அதனுடன் சேர்ந்து இயங்கும் கண்டென்சர் சூடேறியதும் செயலிழப்பது, ஸ்பார்க் விழும் நேரமான டைமிங் விலகுவது, வால்வை இயக்கும் டேப்பெட் இடைவெளி இல்லாமல் இறுகிப்போவது ஆகிய எல்லாமே கார்புரேட்டர் கோளாறைப் போலத் தோற்றமளிக்கக்கூடியவை. நான் ஒரு வண்டியின் கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிச் சுத்தம் செய்த பிறகே பழுது கண்டென்சரில் இருப்பதைக் கண்டேன். அதன்பின் இந்த வரிசையை மாற்றியதே இல்லை. ஸ்பார்க் கோளாறையும் பெட்ரோல் கோளாறையும் பிரித்தறிய ஓரளவு நம்பத்தக்க அடையாளம் உண்டு. ஸ்பார்க் தவறினால் இன்ஜின் வெடுக்கென்று வெட்டும். பெட்ரோல் போதாவிட்டால் இழுவை படிப்படியாகக் குறைந்து, ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் சில விநாடிகள் தேறி, மீண்டும் சோரும்.

பெட்ரோல் கார்புரேட்டர் வரை தடையின்றி வந்து சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. வண்டி பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுபோய், சிறிது நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல் ஸ்டார்ட் ஆனால், டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அதுவே விடை. இல்லையென்றால், இன்ஜின் ஆறிய பிறகு, நெருப்பின் அருகாமை இல்லாத திறந்த வெளியில், குழாயைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஓட்டம் சீராக இருக்க வேண்டும். அடியில் துருவின் துகள்களோ நீர்த்துளிகளோ தங்கினால், டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதில் பயனில்லை.

இனிதான் கார்புரேட்டர். ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடு கொண்ட கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் திருப்பாமல் இன்ஜின் ஓடும் நிலை) முதல் ஏறத்தாழ 1/8 திறப்பு வரை பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகம்) அதன் ஸ்க்ரூவும், 1/8 முதல் 1/4 வரை ஸ்லைடின் அடியில் காற்று நுழையும் பக்கம் சாய்வாக வெட்டப்பட்டுள்ள பகுதியும், 1/4 முதல் 3/4 வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்தே இருக்கும் என்றாலும், கண்டறிவதற்கு இந்தக் கணக்கு போதுமானது. ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, மூடிய நிலை, 1/4, 1/2, 3/4, முழுத் திறப்பு ஆகியவற்றைக் கோடிட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வேகமானியைப் பார்த்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. கார்புரேட்டருக்குத் தெரிவது வண்டியின் வேகம் அன்று, ஸ்லைடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதே.

இடம் தெரிந்தபின், அங்கே பெட்ரோல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும். திணறும் அதே திறப்பில் காற்றைக் குறைக்கும் சோக்கைச் சிறிது போட்டதும் இன்ஜின் தேறினால் பெட்ரோல் குறைவு; மேலும் மோசமானால் பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டர் வழியே எதிர்த்துத் துப்புவதும் சூடு மிகுவதும் குறைவின் அடையாளங்கள். கரும்புகை, கனத்த சத்தம், சூடேற ஏற மோசமாகும் ஓட்டம் ஆகியவை மிகுதியின் அடையாளங்கள். முழுத் திறப்பைச் சோதிக்க, போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் புதிய பிளக்குடன் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே இன்ஜினை அணைத்து, உருண்டு வந்து நின்றபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளுத்திருந்தால் குறைவு, கரி படிந்திருந்தால் மிகுதி. ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய கையேடுகள் சொல்லும் காப்பி நிறம் தெளிவாக வருவதில்லை. ஆகவே பீங்கானின் முனையை விட, உள்ளே ஆழத்தில் அதன் அடியைச் சுற்றிப் படியும் வளையத்தையே நம்புங்கள்.

எல்லாத் திறப்பிலும் பெட்ரோல் குறைவாகவே தெரிந்தால், ஜெட்டை மாற்றுவதற்கு முன், இணைப்பின் வழியே வெளிக்காற்று நுழையும் ஏர் லீக்கைத் தேடுங்கள். ஐடிலிங்கில் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பின் மீது தண்ணீரை மென்மையாகத் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் இன்ஜினின் ஓட்டம் மாறும். இதற்கு எரியக்கூடிய ஸ்ப்ரேயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். சூடான சைலென்சர் குழாய்க்கு அருகில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நட்டுகளை அளவு மீறி இறுக்கியதால் வளைந்துபோன ஃபிளாஞ்சு (இன்ஜினோடு பொருந்தும் தட்டையான முகம்) பழைய கார்புரேட்டர்களில் மிகச் சாதாரணம். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் வளைவு உடனே தெரியும்.

மாறாக எங்கும் மிகுதியாக இருந்து, நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் பெட்ரோலும் சொட்டினால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டையும், அதனோடு இயங்கிப் பெட்ரோல் வரத்தை அடைக்கும் தனி ஊசியையும் பாருங்கள். ஊசியின் கூம்பில் தேய்மான வளையம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ததும்பினால் அது ஓட்டையானது. சூடான நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

ஐடிலிங்கில் நிலைக்காமல் அணைந்துபோகும் வண்டியில், பெரும்பாலும் பைலட் பாதையில் அடைப்பு இருக்கும், ஏனெனில் கார்புரேட்டரிலேயே மிக நுண்ணிய துளை அதுதான். 1967இல் வந்த அமல் கான்சென்ட்ரிக் என்ற கார்புரேட்டர் வகையில் இத்துளை சுமார் 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. பெரும்பாலானவற்றில் பைலட் ஜெட் கழற்ற முடியாதபடி உடலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், வெளியே எவ்வளவு பளபளவென்று கழுவினாலும் உள்ளே கசடு அப்படியே இருக்கும். கிளீனரைச் செலுத்தி, அது மறுமுனைத் துளைகளில் தாரையாக வெளிவருவதைக் கண்ணால் பார்த்தால்தான் சுத்தம் என்று கொள்ள வேண்டும். கண்ணில் தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எஃகுக் கம்பியால் எந்த ஜெட்டையும் குத்தாதீர்கள். மென்மையான பித்தளையில் விழும் சிறு கீறலும் அளவை மாற்றிவிடும். பைலட் ஸ்க்ரூவைத் திருப்பும் திசையிலும் பலர் குழம்புகிறார்கள். அது காற்றைக் கட்டுப்படுத்தும் வகையாக இருந்தால், உள்ளே திருப்பும்போது கலவையில் பெட்ரோல் கூடும். பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் வகையாக, பொதுவாக இன்ஜின் பக்கம் அமைந்திருந்தால், வெளியே திருப்பும்போதுதான் கூடும்.

எந்த ஸ்க்ரூவுக்கும் கட்டுப்படாமல் ஐடிலிங் ஏறி இறங்கினால், ஸ்லைடை அதன் துளைக்குள் அசைத்துப் பாருங்கள். அது கடகடவென்று ஆடினால், இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது. இதைச் சரிசெய்யும் ஸ்க்ரூ எதுவும் இல்லை. உடலைக் கடைந்து புதிய ஸ்லைடு போட வேண்டும், அல்லது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும். நீடில் ஜெட்டும் இப்படித்தான்: ஊசி பல்லாண்டு உரசி அதன் துளை அகன்றுவிட்டால், பாதித் திறப்பில் கரும்புகையும் மைலேஜ் குறைவும் ஒன்றாக வரும். ஊசியை ஸ்லைடில் தொங்கவிடும் கிளிப்பை ஒரு காடி (பள்ளம்) மேலேற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த ஜெட்டுக்கு அது தற்காலிக ஏற்பாடே. ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பழுது நீங்கியபின் சரிசெய்யும் வரிசை இது: முழுத் திறப்பில் மெயின் ஜெட், பிறகு பைலட், அடுத்து ஸ்லைடு, கடைசியாக ஊசி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைத்து, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போதே சோதியுங்கள். ஊசி முடிந்ததும் பைலட் ஸ்க்ரூவை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் மற்றவற்றை மாற்றும்போது அதன் சரியான இடமும் சற்று நகர்ந்திருக்கும்.