நிழல் குச்சி: மைதானத்தில் திசையும் உச்சிவேளையும் கண்டுபிடிப்பது எப்படி

"பகல் 12 மணிக்கு நிழல் எங்கே விழும்?" என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால், "காலுக்கடியில்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். தமிழ்நாட்டில் ஓர் ஊரில் அப்படி நடப்பது ஆண்டுக்கு இரண்டே நாள். அந்த நாளிலும் கடிகாரம் சரியாக 12 காட்டாது. இதை வாயால் சொல்லித் திருத்துவதைவிட ஒரு குச்சியை நட்டுப் பிள்ளைகளையே பார்க்கவிடுவதுதான் நல்ல வழி.

60 செ.மீ. நீளமுள்ள நேரான மூங்கில் குச்சி அல்லது பழைய துடைப்பக் கட்டை, கொட்டைப்பாக்கு அளவு களிமண், 1 மீட்டர் சணல், தூக்குக்குண்டு, ஸ்கேல், கடிகாரம், ஒரு கை நிறையக் கூழாங்கல். இவ்வளவு போதும். காலை 9 முதல் மாலை 4 வரை மரத்தின் நிழலோ கட்டடத்தின் நிழலோ விழாத மண்தரையாகப் பாருங்கள். ஒரு தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். ஒரு பக்கம் வழிந்தால் அந்தப் பக்கம் சரிவு. மண்ணைச் செதுக்கி மட்டமாக்கிய பிறகே குச்சியை நட வேண்டும்.

குச்சியை 10 செ.மீ. மண்ணுக்குள் இறக்குங்கள். நுனியில் களிமண்ணை உருட்டி வையுங்கள். தரையிலிருந்து உருண்டையின் நடுவரை 50 செ.மீ. இருக்கட்டும். சூரியன் புள்ளி அல்ல, வட்டு. அதனால் வெறும் குச்சியின் நுனி நிழல் கலங்கலாக முடியும், ஒரு பிள்ளை ஓரிடத்தில் கல் வைக்கும், இன்னொன்று அரை செ.மீ. தள்ளி வைக்கும். உருண்டையின் நிழலில் நடுப்புள்ளி தெளிவாகத் தெரிவதால் சண்டை வராது. குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை முதலில் ஒரு பக்கம் பிடித்துப் பாருங்கள், பிறகு அதற்குக் குறுக்குப் பக்கம். ஒரே பக்கம் பார்த்துவிட்டு விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. சாய்ந்த குச்சி எல்லா அளவையும் கெடுத்துவிடும்.

காலை 10 மணிக்கு உருண்டை நிழலின் நடுவில் ஒரு கல் வையுங்கள். சணலில் தளர்வான சுருக்குப் போட்டுக் குச்சியின் அடியில் மாட்டி, அந்தக் கல் வழியாக முழு வட்டம் கீறுங்கள். சுருக்கு இறுகினால் சணல் குச்சியில் சுற்றிக்கொள்ளும், வட்டம் சுருங்கிவிடும். 10.20-க்கும் 10.40-க்கும் இதேபோல இன்னும் இரண்டு வட்டம். ஒன்றே போதாதா என்றால், மதியம் சரியான நேரத்தில் மேகம் மறைத்தால் அந்த நாளே வீண். மூன்று இருந்தால் ஒன்றாவது தப்பும்.

நிழல் உச்சிவரை சுருங்கி, பிறகு நீளும். மதியம் அது உள்வட்டத்தை முதலில் தொடும், வெளிவட்டத்தைக் கடைசியில். தொடும் கணத்தில் கல் வைத்து நேரத்தைக் குறியுங்கள். ஒரே வட்டத்திலுள்ள காலைக் கல்லையும் மாலைக் கல்லையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு–மேற்கு. காலைக் கல் மேற்கே இருக்கும். கோட்டின் நடுப்புள்ளியையும் குச்சியையும் இணைத்தால் வடக்கு–தெற்கு. கோல் நட்டு நிழல் பார்த்துக் கயிறு பிடித்து மனை வகுத்த செய்தி சங்கப் பாட்டிலேயே உண்டு.

இரண்டு நேரங்களுக்கும் நடுவே இருப்பது உங்கள் ஊரின் உச்சிவேளை. கோயம்புத்தூரில் ஜனவரி நடுவில் காலை 10.00-க்குத் தொட்ட வட்டத்தை நிழல் மறுபடி தொடுவது ஏறக்குறைய 3.02-க்கு. நடுநேரம் 12.31. இந்தியா முழுவதற்குமான கடிகாரம் 82.5 பாகை கிழக்கு தீர்க்கரேகைக்கு வைத்தது. ஒரு பாகை மேற்கே போனால் உச்சி 4 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக்கு 9 நிமிடம், கோவைக்கு 22. மீதி வித்தியாசம் பூமியின் சாய்வாலும் அதன் நீள்வட்டப் பாதையாலும் வருவது, மாதத்துக்கு மாதம் மாறும்.

உச்சி நிழலின் நீளத்தையும் பக்கத்தையும் மாதம் ஒருமுறை, 21-ஆம் தேதி, எழுதி வையுங்கள். சென்னையில் 50 செ.மீ. உயரத்துக்கு டிசம்பரில் வடக்கே 37 செ.மீ., மார்ச்சில் வடக்கே 11.6 செ.மீ. வரும். ஜூனில் தெற்கே 9 செ.மீ.! உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பது கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் சூரியன் தலையைத் தாண்டி வடக்கே போய்த் திரும்புகிறது. அப்படித் தாண்டும் இரண்டு நாள்தான் நிழலில்லா நாள். சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். மற்ற ஊர்களுக்கு இடையில். அன்று உச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பே வட்டமாக நின்றுகொள்ளுங்கள். நிழல் நிமிடத்துக்கு 2 மி.மீ. நகரும், தாமதித்தால் போய்விடும். யாரும் சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது, பார்க்க வேண்டியதெல்லாம் தரையில்தான்.

கன்னியாகுமரிப் பக்கம் ஒரு பள்ளி தெரிந்தால் மார்ச் 21 அன்று சென்னையிலும் அங்கேயும் ஒரே உயரக் குச்சியின் உச்சி நிழலை அளந்து பாருங்கள். கன்னியாகுமரியில் 7.1 செ.மீ. வரும். குச்சியையும் நிழலையும் பாதி அளவில் தாளில் செங்கோணமாக வரைந்து, குச்சியின் நுனிக்கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் சென்னைக்கு 13, கன்னியாகுமரிக்கு 8. வித்தியாசம் 5 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு–தெற்குத் தூரம் சுமார் 555 கி.மீ. பூமியை முழுதாகச் சுற்றினால் 360 பாகை. 360-இல் எத்தனை 5? 72. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40,000 கி.மீ., பூமியின் சுற்றளவு. நிழலில் 1 செ.மீ. பிசகினாலும் விடை ஐந்தில் ஒரு பங்கு தவறிப்போகும். தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.