பஸ்ஸில் இருந்து இறங்க 'கெட் டவுன்' வேண்டாம், 'கெட் ஆஃப்' போதும்

மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் யாரிடமாவது "பஸ்ஸை விட்டு இறங்கினேன்" என்பதை ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள், அநேகமாக "ஐ காட் டவுன் ஃப்ரம் த பஸ்" என்றுதான் வரும். நம்ம நாட்டுக்குள் அது எல்லோருக்கும் புரியும், அதனால் யாரையும் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்விலோ வெளிநாட்டு ஆட்களிடமோ பேசும்போது 'கெட் ஆஃப்' பழகிக்கொள்வது நல்லது: "ஐ காட் ஆஃப் த பஸ் அட் மாட்டுத்தாவணி." நடுவில் 'ஃப்ரம்' கிடையாது. பஸ்ஸைக் கொண்டுபோய் 'காட்'டுக்கும் 'ஆஃப்'புக்கும் இடையில் செருகவும் கூடாது.

சரி, எல்லா வண்டிக்கும் இதுதானா? இல்லை, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே எழுந்து நடமாட முடிகிற பஸ், ரயில், விமானம், அப்புறம் காலைப் போட்டு ஏறி உட்காருகிற பைக், சைக்கிள், குதிரை, இவற்றுக்கெல்லாம் 'ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார், ஆட்டோவுக்கு 'கெட் அவுட் ஆஃப்'. ஆக, வைகை எக்ஸ்பிரஸில் வந்து திண்டுக்கல்லில் இறங்கினால் 'காட் ஆஃப்', அங்கிருந்து ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் இறங்கினால் 'காட் அவுட் ஆஃப் த ஆட்டோ'. ஷேர் ஆட்டோவில் எத்தனை பேரை அடைத்தாலும் அது ஆட்டோதான்.

'கெட் டவுன்' தப்பான சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மரம், ஏணி, மதில்சுவர் மாதிரி உயரத்தில் இருந்து இறங்க அதுதான் சரி.

வண்டியை விட்டுத் தள்ளினால், வேலை முடிந்து கிளம்புவதற்கும் 'கெட் ஆஃப்'தான்: "ஐ கெட் ஆஃப் அட் சிக்ஸ்." போனில் மணிக்கணக்காகப் பேசும் பிள்ளையிடம் "கெட் ஆஃப் த போன்" என்றால் போனை வைடா என்று அர்த்தம். கோரிப்பாளையம் சிக்னலில் ஒருத்தன் ஹெல்மெட் இல்லாமல் மாட்டி, போலீஸ்காரர் திட்டிவிட்டு மட்டும் அனுப்பினாரென்றால் "ஹி காட் ஆஃப் வித் எ வார்னிங்", அதாவது பெரிய தண்டனை இல்லாமல் தப்பித்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த அர்த்தம்தான், செய்தித்தாளிலும் அடிக்கடி வரும்.

ஒரு எச்சரிக்கை. "எனக்கு இதில் ஒரே குஷி" என்று சொல்ல நினைத்து 'ஐ கெட் ஆஃப் ஆன் இட்' என்று எழுதிவிடாதீர்கள், அது பல நேரம் விரசமான அர்த்தத்தில் போய் நிற்கும். ஆபீஸ் மெயிலில் 'ஐ என்ஜாய் இட்' போதும்.