பீச் இலை எப்போது சம்பாதிக்க ஆரம்பிக்கிறது? வீட்டு மரத்திலேயே பார்க்கலாம்

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டுப் பக்கம் ஒரு பீச் மரம் இருந்தால் இந்தச் செய்முறை உங்களுக்குத்தான். ஸ்கேல், கொஞ்சம் நூல், கறுப்புக் காகிதம், மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின், சர்ஜிகல் ஸ்பிரிட், இவ்வளவு இருந்தால் போதும்.

1. மொட்டைப் பாருங்கள்

குளிர் விடும் சமயத்தில், போன வருடம் வளர்ந்த கிளையில் ஒரு கணுவைக் கவனியுங்கள். பல கணுக்களில் மூன்று மொட்டுகள் இருக்கும். நடுவில் ஒல்லியாக, கூராக இருப்பது இலை மொட்டு. இரண்டு பக்கமும் குண்டாக இருப்பவை பூ மொட்டுகள். பீச்சில் முதலில் பூதான் விரியும், இலை அப்புறம்தான். அப்படியானால் பூவுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? போன பருவத்தில் இலைகள் தயாரித்து, வேரிலும் கட்டையிலும் ஸ்டார்ச்சாகச் சேர்த்து வைத்ததிலிருந்து. பழம் பறித்ததும் மரத்தை மறந்துவிடுவது நம் வழக்கம். அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பு நடப்பதே அந்த மாதங்களில்தான், அதனால் இலை உதிரும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

2. தளிரை அளந்து குறியுங்கள்

புதுத் தளிர் நடுநரம்பை ஒட்டி இரண்டாக மடிந்தபடி வெளியே வரும். அதன் கீழ்க் கணுவில் நூல் கட்டிவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்து முடிந்த இலை பெரும்பாலும் 8 முதல் 15 செ.மீ. இருக்கும். பச்சையாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வளரும்வரை அது மரத்தின் கையிருப்பைத்தான் தின்றுகொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் சர்க்கரையை வெளியே அனுப்பும். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி சார்பிடால். நாம் பள்ளியில் படித்த சுக்ரோஸும் கூடவே போகும், ஆனால் ஆப்பிள், பிளம், பீச் குடும்பத்தில் சார்பிடாலுக்குத்தான் முதலிடம்.

3. ஒளிச்சேர்க்கையைக் கண்ணால் பாருங்கள்

நல்ல வெயில் படும், முழுதாக வளர்ந்த இலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மேலும் கீழுமாகக் கறுப்புக் காகிதப் பட்டையை வைத்து கிளிப் போடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் இலையைப் பறித்து, காகிதத்தை எடுத்துவிட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள்.

அடுத்து ஸ்பிரிட். இங்கே கவனம் வேண்டும், ஆவியே தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, அந்த இடத்தை விட்டுத் தள்ளி வந்தபின், கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் ஊற்றிய சின்ன டம்ளரை வையுங்கள். இலை அதற்குள் கிடக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளிறும். பச்சை போகாவிட்டால் வெந்நீரை மாற்றுங்கள். பிறகு இலையைத் தண்ணீரில் அலசி, தட்டில் விரித்து, அயோடினை நீர்விட்டுச் சொட்டுங்கள். வெயில் பட்ட இடம் கருநீலமாகும், அங்கே இலை தயாரித்த ஸ்டார்ச் இருக்கிறது என்று அர்த்தம். பட்டை இருந்த இடம் வெறும் பழுப்பாக நிற்கும்.

இலையைக் கசக்கினால் பாதாம் எசென்ஸ் போல ஒரு கசப்பு வாசம் வரும். அது சயனைடு தரும் பொருளின் அடையாளம். வாயில் வைக்க வேண்டாம், வாடிய இலையை ஆட்டுக்கும் போடக் கூடாது.

4. பார்த்ததை மரத்தில் பயன்படுத்துங்கள்

தனி இலைக்கு முழு வெயிலில் பாதி கிடைத்தாலே ஏறக்குறைய போதும். சிக்கல், அடர்ந்த மரத்தின் உள்பக்கத்துக்கு அதுகூட எட்டாது என்பதுதான். அதனால்தான் பீச்சுக்குக் கவாத்து செய்யும்போது நடுத்தண்டை வளர விடாமல், மூன்று நான்கு கிளைகளைக் கிண்ணம் போல விரித்து விடுகிறார்கள். காய் கலைப்பதும் இதே கணக்குதான். ஒரு காய்க்கு 30 முதல் 40 இலை என்பது பழைய அளவு. எண்ண முடியாது என்றால், காய்க்குக் காய் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

5. இலை சுருண்டால்

தளிர் தடித்து, சிவந்து, கொப்புளம் போல முறுக்கிக்கொண்டால் அது இலைச்சுருள் நோய், ஒரு பூஞ்சை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். சுருண்ட இலையில் மருந்தடித்துப் பயனில்லை. இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது, மொட்டு வீங்குவதற்குள் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிக்க வேண்டும்.