லைட்வெயிட் கான்கிரீட்டில் ஸ்பிரிங்க்ளர் குழாய் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேலை முடிந்ததும் குழாயில் தண்ணீரை நிரப்பி, 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 200 பவுண்ட்) அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சோதனை குழாயின் இணைப்புகளைப் பற்றித்தான் சொல்லும். குழாயைத் தொங்கவிட மேலே ஸ்லாபுக்குள் துளை போட்டு மாட்டிய ஆங்கரைப் (பிடிப்பு போல்ட்) பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. அரைகுறையாகப் பிடித்த ஆங்கரும் அன்றைக்குத் தாங்கிவிடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்பிரிங்க்ளர் விதியான என்எஃப்பிஏ 13-ஐத்தான் இந்தியாவிலும் வளைகுடாவிலும் பல ஒப்பந்தங்களில் கேட்கிறார்கள். அதன்படி ஒவ்வொரு ஹேங்கரும் (ஆங்கரிலிருந்து குழாயைத் தொங்கவிடும் பிடி) தன் பங்குக்கு வரும், தண்ணீர் நிரம்பிய குழாயின் எடையைப் போல ஐந்து மடங்கும், அதோடு கூடுதலாக 114 கிலோவும் தாங்க வேண்டும். 4 அங்குல ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) இரும்புக் குழாய் தண்ணீரோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 24 கிலோ இருக்கும். ஹேங்கர் இடைவெளி அதிகபட்சமான 4.6 மீட்டர் என்றால் ஒரு ஹேங்கரின் பங்கு ஏறக்குறைய 112 கிலோ. தாங்க வேண்டியதோ 675 கிலோவுக்குப் பக்கம். சாதாரண நாளில் ஆறில் ஒரு பங்கு சுமைதான் வருகிறது. அதனால்தான் மோசமான ஆங்கர் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். தீயில் ஸ்பிரிங்க்ளர் முனை உடைந்து தண்ணீர் பாய்ந்து குழாய் துள்ளும் நேரத்தில்தான் மீதிப் பலம் தேவைப்படும்.

எந்த லைட்வெயிட் என்று கேட்காமல் துளை போடுவது

முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பொருள்களைச் சைட்டில் 'லைட்வெயிட்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள்.

ஒன்று, ஸ்ட்ரக்சுரல் லைட்வெயிட். சூளையில் சுட்டு உப்பவைத்த களிமண் அல்லது ஷேல் ஜல்லி போட்டது. சாதாரண கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2400 கிலோ என்றால் இது பெரும்பாலும் 1850-க்குள் இருக்கும். அமெரிக்க அலுவலகக் கட்டடங்களில் டெக் ஷீட்டின் (தளத்துக்கு அடியில் விரிக்கும் மடிப்பு இரும்புத் தகடு) மேல் இதைத்தான் அதிகம் ஊற்றுகிறார்கள். ஷீட்டுக்குக் கீழே தீத்தடுப்புப் பூச்சு அடிக்காமலே இரண்டு மணி நேரத் தீ எதிர்ப்பு கிடைக்க, இது ஷீட்டின் மேல் 83 மில்லிமீட்டர் இருந்தால் போதும். சாதாரண கான்கிரீட் என்றால் 114 வேண்டும். இதில் ஆங்கர் பிடிக்கும், கணக்கை மட்டும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, கூரையில் வெப்பத்தைத் தடுக்கவும் வாட்டம் கொடுக்கவும் போடும் பெர்லைட், வெர்மிகுலைட், நுரைக் கான்கிரீட். இது வெறும் நிரப்பல். இதில் எந்த ஆங்கரையும் நம்பக்கூடாது. பிடிப்பு அடியில் உள்ள இரும்பு பீமிலோ பர்லினிலோதான் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்க வேண்டும்.

மூன்றாவது ஏஏசி, அதாவது காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட். நம் ஊர் அடுக்குமாடிகளில் சுவர் முழுக்க இந்த பிளாக்தான். பிரிட்டனில் 1950-களிலிருந்து 1990-கள் வரை இதையே கம்பி வைத்துக் கூரைப் பலகையாகவும் போட்டார்கள். இடிந்து விழும் அபாயத்தால் 2023 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கூரை இருந்த பகுதிகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட கூரையில் புதிதாக எதையும் தொங்கவிடும் பேச்சே வேண்டாம்.

எது என்று டிராயிங்கில் பாருங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். மெஷினில் ஹாமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் பிட் உள்ளே போய்விட்டால், அதற்கு மேல் துளை போடாமல் வேலையை நிறுத்துவது நல்லது.

கேட்டலாக்கில் முதல் பக்கத்து எண்ணை எடுப்பது

ஆங்கர் கேட்டலாக்கில் கண்ணில் படும் பெரிய தாங்குதிறன் எண் சாதாரண கான்கிரீட்டுக்கானது. அமெரிக்கக் கான்கிரீட் விதியான ஏசிஐ 318-இல் லைட்வெயிட்டுக்குக் கழிவு உண்டு, அந்த எண்ணை இவற்றால் பெருக்க வேண்டும்: ஆற்று மணல் போன்ற சாதாரண மணல் கலந்த லைட்வெயிட்டுக்கு 0.85, மணலும் லேசான வகையாகவே இருந்தால் 0.75. இதோடு நின்றுவிடுகிறவர்கள் அதிகம். துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை ஆங்கராக இருந்தால் இன்னொரு 0.8-ஆல் பெருக்க வேண்டும். ஆக கான்கிரீட் உடைவதை வைத்து 1000 கிலோ என்று வந்த ஆங்கர், மணல் லைட்வெயிட்டில் 680, முழு லைட்வெயிட்டில் 600. பசையால் ஒட்டும் கெமிக்கல் ஆங்கரின் ஒட்டுப் பலத்துக்கு 0.8-க்குப் பதில் 0.6. அதாவது பாதிதான் மிஞ்சும்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. சில நிறுவனங்கள் டெக் ஷீட் மேல் ஊற்றிய லைட்வெயிட்டில் சோதித்துத் தனி அட்டவணையே கொடுக்கின்றன. அந்த எண்ணில் கழிவு ஏற்கெனவே போய்விட்டது. அதில் மறுபடி 0.68-ஆல் பெருக்கி, தேவையில்லாமல் பெரிய ஆங்கர் வாங்குவார்கள். பெரிய ஆங்கருக்கு ஆழம் அதிகம் வேண்டும், டெக்கில் அந்த ஆழம் கிடைக்காது.

டெக் ஷீட்டின் மேடு பள்ளம்

கீழிருந்து பார்த்தால் ஷீட் அலை அலையாகத் தெரியும். கீழே இறங்கிய மடிப்பில் கான்கிரீட் கனம் அதிகம். மேலே ஏறிய மடிப்பில் அந்த 83 மில்லிமீட்டரோ அதைவிடக் குறைவோதான். அங்கே நீளமான பிட்டை ஓட்டினால் மேல்மாடித் தரையில் வெளியே வந்துவிடும். சரி, கீழ் மடிப்பிலேயே போடலாம் என்றால், குழாய் நேர்க்கோட்டுக்காக மடிப்பின் ஓரத்தில் துளை போடுகிறார்கள். ஓரத்தில் விரியும் ஆங்கர் பக்கவாட்டில் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும், ஷீட் மறைத்திருப்பதால் விரிசலும் தெரியாது. மடிப்பின் நடுவில் போடுங்கள். எவ்வளவு விலகலாம் என்பது அந்த ஆங்கரின் சோதனை அறிக்கையில் இருக்கும். குழாய்க்கோடு ஒத்துவரவில்லை என்றால் இரண்டு மடிப்புக்குக் குறுக்கே ஒரு சேனல் கட்டி அதிலிருந்து ராடை (குழாயைத் தொங்கவிடும் கம்பி) இறக்குவது மேல்.

என்னைக் கேட்டால், கான்கிரீட் ஊற்றும் முன்பே ஷீட்டில் இன்சர்ட் (ராடை மாட்டும் பிடி) பதித்துவிடுவதுதான் சிறந்த வழி. மேலே சொன்ன கூடுதல் 0.8 கழிவும் அதற்குக் கிடையாது. ஆனால் ஊற்றும் நாளில் ஸ்பிரிங்க்ளர் காண்டிராக்டரே முடிவாகியிருக்க மாட்டார், அது வேறு கதை.

டிராப்-இன் (துளைக்குள் போட்டு அடித்து விரிக்கும்) ஆங்கரைப் பொறுத்தவரை, அதற்கென்று உள்ள செட்டிங் பஞ்சை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த கம்பியால் அடிப்பது பழக்கமாகிவிட்டது. உள்ளே இருக்கும் கூம்பு முழுசாக இறங்காது, ஆங்கர் பாதிதான் விரியும். துளையை ஊதிச் சுத்தம் செய்யாததும் தேய்ந்த பிட்டும் இதே கதைதான். நட்டை முறுக்கினால் விரியும் வெட்ஜ் ஆங்கரில் இன்னொரு தொல்லை: நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் "இன்னும் ரெண்டு சுத்து" என்று முறுக்குவார்கள். லேசான ஜல்லி உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு, நிறுவனம் சொல்லும் தூரம் தள்ளிப் புதுத் துளை போட வேண்டும்.

துப்பாக்கி, பசை, நைலான்

வெடிமருந்தால் ஸ்டட்டை (ஆணி போன்ற பிடிப்பு) கான்கிரீட்டில் அடிக்கும் பவுடர் கன் வேகமானது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். என்எஃப்பிஏ 13 அதற்குத் தனி நிபந்தனை வைக்கிறது: எந்தக் கான்கிரீட்டில் அடிக்கப் போகிறீர்களோ அதன் மாதிரியிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். 2 அங்குலம் வரையுள்ள குழாய்க்கு 340 கிலோ, 2½ முதல் 3½ வரை 454, 4 அல்லது 5 அங்குலத்துக்கு 544. நிலநடுக்கப் பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில், அதற்கென்று சான்று பெற்ற ஸ்டட் தவிர வேறு கூடாது.

பசை ஆங்கரைத் தலைக்கு மேலே, எப்போதும் இழுபடும் சுமைக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாஸ்டனில் 2006 ஜூலை 10 அன்று சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். தொடர் சுமையில் எப்பாக்சி மெல்ல மெல்ல நழுவியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கேயும் பலகைகளைத் தாங்கியவை பசை ஆங்கர்கள்தான். இவையெல்லாம் தீ இல்லாமலே நடந்தவை. ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யப்போவதே சூட்டில்.

ஏஏசி சுவரில் நைலான் பிளக் போட்டுக் குழாயைப் பிடிப்பதும் அப்படித்தான். சூட்டில் நைலான் உருகும். ஹேங்கரின் பாகங்கள் இரும்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தீயில் சோதித்துத் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. ஏஏசியில் வேறு வழியே இல்லை என்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து போல்ட் போடுங்கள். முடிந்தவரை ஆர்சிசி பீமுக்கே போய்விடுங்கள்.

எந்த முறையானாலும், முதல் சில ஆங்கர்களை அதே ஸ்லாபில் இழுவை மெஷின் வைத்துச் சோதித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ராடைப் பிடித்துத் தொங்கிக் காட்டுவது சோதனை ஆகாது. எழுபது கிலோ ஆளுக்கும் 675 கிலோவுக்கும் உள்ள தூரம் தெரிந்ததுதானே.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு மற்றவர்கள் செய்வது: எலக்ட்ரீஷியன் கேபிளையும் ஏசிக்காரர் டக்டையும் ஸ்பிரிங்க்ளர் ராடில் கட்டிவிட்டுப் போவார்கள். விதிப்படி அதற்கு அனுமதி இல்லை. அந்தக் கூடுதல் 114 கிலோவை அவர்களுக்காக ஒதுக்கவில்லை.