மீயொலி அதிர்வு அலுமினிய வெல்டுக்குள் என்ன செய்கிறது? இரண்டு பொட்டு வைத்துப் பார்க்கலாம்

உருக்கிய நெய்யை அசைக்காமல் ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். கிளறிக்கொண்டே ஆறவைத்தால் வழவழவென்று இருக்கும். வெல்டிங்கில் உருகிய அலுமினியத்துக்கு மீயொலி அதிர்வு செய்வதும் ஏறக்குறைய இந்தக் கிளறல்தான், நொடிக்கு 20,000 முறை.

தேவையானவை: 6 மிமீ தடிமனுள்ள 6061-டி6 தகடு (6061 என்பது அலுமினியக் கலவை, டி6 என்பது வெப்பப் பதப்படுத்தி வலுவூட்டிய நிலை), ஏசி டிக் வெல்டிங் மெஷின், ஹார்னுடன் (அதிர்வைத் தகட்டுக்குக் கடத்தும் உலோகத் தண்டு) 20 கிலோஹெர்ட்ஸ் மீயொலிக் கருவி, கல்லூரி லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப். டார்ச்சைத் தேர்ந்தவர் யாராவது பிடிக்கட்டும்.

1. உப்பு தூவுங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இது. ஹார்னைத் தகட்டின் ஓரத்தில் இறுக்கி, மேலே தூள் உப்பைத் தூவி, கருவியை ஓடவிடுங்கள். உப்பு துள்ளி ஓடி, கோலம் போட்டதுபோல் கோடுகளில் போய் ஒதுங்கும். அந்தக் கோடுகளில் தகடு ஆடவே இல்லை என்று பொருள். 6 மிமீ தகட்டில் கோட்டுக்குக் கோடு 2.5 முதல் 3 செமீ இருக்கும். முதல் தடவை நான் இதைப் பார்க்காமல் கோட்டின் மேலேயே வெல்ட் வைத்துவிட்டு, "அதிர்வால் ஒரு பயனும் இல்லை" என்று நோட்டில் எழுதிவைத்தேன்!

இரண்டு கோடுகளுக்கு நட்டநடுவில் மார்க் செய்யுங்கள். சூடேறினால் கோடுகள் சற்று நகரும். அதனால் நடுவே பாதுகாப்பு. பிறகு உப்பைச் சுத்தமாகக் கழுவி, உலர்த்தி, ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள்.

2. இரண்டு பொட்டு

எர்த் கிளாம்ப் தகட்டிலேயே இருக்கட்டும். வெல்டிங் மின்சாரம் ஹார்ன் வழியாகப் போனால் கருவி காலி. மார்க் செய்த இடத்தில் ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) இல்லாமல், டார்ச்சை நகர்த்தாமல் ஒரு பொட்டு மட்டும் உருக்குங்கள். ஆர்க்கை நிறுத்திய பிறகும், பொட்டு முழுதும் உறையும் வரை அதிர்வு ஓட வேண்டும். மணிகள், அதாவது உலோகம் உறையும்போது உண்டாகும் சின்னச் சின்னப் படிகங்கள், உருவாவதே அந்தக் கணங்களில்தான். அதே அளவு இன்னொரு தகட்டில், அதே ஆம்பியர், அதே நேரம், அதிர்வு மட்டும் இல்லாமல் இன்னொரு பொட்டு.

3. வெட்டி, தேய்த்து, நிறமேற்றுங்கள்

பொட்டின் நடுவே குறுக்காக வெட்டுங்கள். பிறகு எமரி பேப்பரில் 400, 800, 1200 என்று வரிசையாகத் தேயுங்கள். பேப்பர் மாற்றும்போதெல்லாம் 90 டிகிரி திருப்பி, கழுவுங்கள். அலுமினியம் மிருதுவானது. அழுத்தித் தேய்த்தால் எமரித் துகள் உள்ளே பதிந்து, மைக்ரோஸ்கோப்பில் கரும்புள்ளியாக ஏமாற்றும். அடுத்து 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை.

எட்சிங்குக்கு, அதாவது மணிகள் தெரியும்படி பரப்பை ரசாயனத்தால் அரிப்பதற்கு, கெல்லர் கரைசல் பிரபலம். ஆனால் அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கிறது. புதியவர்கள் தொட வேண்டாம். 100 மிலி நீரில் 4 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 1 கிராம் காஸ்டிக் சோடாவும் கலந்த வெக் கரைசல் போதும், மணிகள் நிறம் நிறமாகத் தெரியும். இதற்கும் கையுறை, கண்ணாடி கட்டாயம்.

4. பாருங்கள்

அதிர்வில்லாத பொட்டில், உருகாத உலோகத்தின் ஓரத்தில் தொடங்கிய மணிகள் நீளநீளமாக நடுவை நோக்கி வளர்ந்திருக்கும். நாலாபுறமும் வந்த இந்தத் தூண் போன்ற மணிகள் முட்டும் நடுவில் ஒரு விரிசலும் தென்படலாம். ஃபில்லர் இல்லாத 6061-இன் பிறவிக் குணம் அது.

அதிர்வு சரியாகச் சேர்ந்த பொட்டில் ஓரத்தில் கொஞ்சம் தூண்கள் மிஞ்சும், நடுவே குட்டிக்குட்டி மணிகள். காரணம், உறையும்போது படிகம் தென்னங்கீற்றுபோல் கிளைவிட்டு வளர்கிறது. அதிர்வால் திரவத்தில் தோன்றும் நுண்குமிழிகள் வெடித்து அடங்கும்போது அந்தக் கிளைகள் ஒடிகின்றன. ஒடிந்த துண்டுகளை நீரோட்டம்போன்ற சுழற்சி நடுவுக்கு அள்ளிப்போகிறது. உருகாமல் தப்பியது ஒவ்வொன்றும் புது மணிக்கு வித்து.

அளக்க வேண்டுமா? போட்டோவில் நேர்கோடு போட்டு, அது வெட்டும் மணி எல்லைகளை எண்ணி, கோட்டின் உண்மை நீளத்தை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். ஐந்தாறு கோடுகளின் சராசரி எடுங்கள்.

கடைசியாக ஒன்று: பொட்டைச் சுற்றி உருகாமல் சூடு மட்டும் பட்ட பகுதி டி6 வலுவை இழந்திருக்கும். அங்கே அந்த வலுவைத் தரும் மெக்னீசியம் சிலிசைடு துகள்கள் கரைந்தோ பருத்தோ போயிருக்கும்; இந்த அதிர்வு அதைச் சரிசெய்யாது. அதற்கு வெல்டிங்குக்குப் பிறகு வெப்பப் பதப்படுத்தல்தான் வழி.