நண்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? உங்களுக்கும் ஒரு நோட்டு வாங்குங்கள்

சென்னைக்கு வேலைக்கு வந்த இந்திக்கார நண்பருக்குப் பேச்சுத்தமிழ் கற்றுத்தர ஒப்புக்கொண்டீர்களா? அவர் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை எழுத ஒரு நோட்டு வேண்டும். கற்றுக்கொடுப்பவர் வளர்வது பெரும்பாலும் அந்த நோட்டில்தான்.

வாரம் 2 வகுப்பு, தலா 45 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் பழைய பாடத்தைப் பேசவையுங்கள். அடுத்த 20 நிமிடம் ஒரே ஒரு புது வாக்கிய அமைப்பு, 6 முதல் 8 சொற்கள். மிச்ச நேரம் ஆட்டோக்காரர், கேன்டீன், வீட்டு ஓனர் என்று நடித்துப் பேசுவது. அப்போது வேறு மொழிக்கு இடமில்லை. முதல் நாளிலிருந்தே 'வரேன்'தான், 'வருகிறேன்' வேண்டாம். இரண்டையும் கலந்தால் மளிகைக் கடையில் போய்ச் செய்தி வாசிப்பார். 'வா'வுக்கு முன்னால் 'வாங்க'வைச் சொல்லிக்கொடுங்கள்.

'எனக்குப் பசிக்குது' அவருக்குச் சட்டென்று வரும். இந்தியிலும் அதே அமைப்புதான். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். திணறுவது 'நாங்க', 'நாம' இரண்டிலும்தான், ஏனென்றால் இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. 'நாம டெல்லிக்குப் போறோம்' என்று அவர் சொன்னால் நீங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேட்பவரைச் சேர்க்கிறோமா விடுகிறோமா என்பதை நாம் யோசிக்காமலே செய்துவந்திருக்கிறோம். சொல்லிக்கொடுக்கும்போதுதான் அது கண்ணில் படும்.

அடுத்து, 'உடைஞ்சுது, உடைச்சேன், ஏன் ரெண்டு?' என்று கேட்பார். 'அது அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் பாடம் இருவருக்கும் அங்கேயே முடிந்தது. 'தெரியலை, வியாழக்கிழமை சொல்றேன்' என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டில் இதே மாதிரி வினைகளை எழுத்துத் தமிழில் அடுக்கிப் பாருங்கள்: உடைந்தது–உடைத்தான், சேர்ந்தான்–சேர்த்தான், வளர்ந்தான்–வளர்த்தான். தானாக நடப்பதற்கு 'ந்த்', இன்னொன்றின்மேல் செய்வதற்கு 'த்த்'. பள்ளியில் மனப்பாடம் செய்த தன்வினை, பிறவினை இங்கே உயிர்பெறும். உடனே விதியை உடைக்கும் சொல்லையும் தேடுங்கள்: நடந்தான் உண்டு, 'நடத்தான்' இல்லை, 'நடத்தினான்'தான். விதிவிலக்கைச் சொல்லாமல் விதியை மட்டும் கொடுத்தால் அடுத்த வகுப்பில் அவரே அதைக் கண்டுபிடித்து உங்களை மடக்குவார்.

எழுத்துக்கு வந்தால் 'க' ஒன்றே பெரிய பாடம். கல், பக்கம், தங்கம், அகம் நான்கையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் மென்மை. 'காந்தி' போன்ற, வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள் இதற்கு அடங்கா.

கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் 10 எண்ணுங்கள். 3 எண்ணுவதற்குள் பதிலை எடுத்துக்கொடுத்தால் அவர் வாக்கியம் கட்டப் பழகவே மாட்டார். ஒரு பேச்சில் ஒரு வகைப் பிழையை மட்டும், அதுவும் பேசி முடித்தபின் திருத்துங்கள்.

மாதம் ஒருமுறை, அவர் சம்மதத்தோடு, வகுப்பை ஃபோனில் பதிவுசெய்து கேளுங்கள். பாதிக்கு மேல் உங்கள் குரலே இருந்தால் நடந்தது சொற்பொழிவு. உங்கள் 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆகிறதா என்பதும் அதில் தெரியும். அப்படி ஆகிறதென்றால், நுனி நாக்கை மேலே வளைத்து, எதையும் தொடாமல் 'ழ' சொல்லிப் பழகுங்கள். நண்பரைத் திருத்துவதை அதுவரை தள்ளிவைக்கலாம்.