நீண்ட விண்பயணக் குழுவுக்கு நாள் அட்டவணை வகுப்பது எப்படி?

விண்வெளி உளவியல் என்றதும் ஆள்தேர்வும் மனநல ஆலோசனையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், மாதக்கணக்கில் ஒரு கலத்துக்குள் அடைபட்டிருப்போரின் மனத்தை நாள்தோறும் தொடுவது அவர்களுடைய வேலை அட்டவணையே. ஆகவே, அதை எழுதும்போதே உளவியலாளரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களுக்குப் பணியைக் குறைத்தே எழுத வேண்டும். 1973 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் ஆகிய மூவருக்கும் அதுவே முதல் விண்பயணம்; ஆயினும் முந்தைய குழு எட்டியிருந்த வேகத்தையே இவர்களிடமும் எதிர்பார்த்ததால், அவர்கள் களைத்தார்கள், பிழைகள் செய்தார்கள், வேலையிலும் பின்தங்கினார்கள். டிசம்பர் 30 அன்று தரைக்கட்டுப்பாட்டு மையத்துடன் மனம்விட்டுப் பேசிய பிறகு, உணவு வேளையும் மாலைப்பொழுதும் அவர்களுக்கே விடப்பட்டன. அன்றாடச் சில்லறை வேலைகள் நேரம் குறிக்காத தனிப் பட்டியலுக்கு மாறின. அதன்பின் வேலை விரைந்தது. (அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததாக இன்றும் எழுதுகிறார்கள், அது கட்டுக்கதை.)

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை எளியது: மணி குறித்தே ஆக வேண்டிய பணிகளை மட்டும் அட்டவணையில் ஏற்றி, மற்றவற்றைத் தனிப் பட்டியலில் விடுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அட்டவணைத் திரையில் ஒரு சிவப்புக் கோடு நேரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். திருகாணி ஒன்று கழல மறுத்தாலும் அது நிற்பதில்லை. ஒவ்வொரு பணிக்கும் இடையே சற்று வெற்றிடம் விட்டால்தான் அந்தக் கோடு துரத்துவதுபோல் தோன்றாது.

உறக்கத்தைப் பேரம் பேசாதீர்கள். நிலையத்தில் ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிப்பதால், கடிகாரம்தான் அங்கே இரவைத் தீர்மானிக்கிறது. மாஸ்கோவில் 2010–11இல் ஆறு பேர் 520 நாள் அடைபட்டிருந்து, செவ்வாய்ப் பயணத்தைத் தரையிலேயே ஒத்திகை பார்த்த மார்ஸ்-500 சோதனையில், ஒருவருடைய நாள் ஏறத்தாழ 25 மணி நேரமாக நீண்டு, மற்றவர்கள் விழித்திருக்கையில் அவர் உறங்கும் நிலை உண்டானது. அனைவரும் சேர்ந்து உண்ணும் ஒரு வேளையையாவது மாறாத நேரத்தில் வையுங்கள்.

குடும்பத்தாருடனும் உளவியலாளருடனும் பேசும் தனிநேரத்தை, வேலை மிஞ்சிய நாளிலும் வெட்டக் கூடாது. செவ்வாய்ப் பயணத்திலோ ஒரு சொல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அங்கே தரையிலிருந்து மணிக்கு மணி வழிநடத்த இயலாது. எனவே, பயிற்சிக் காலத்திலேயே வாரத்தில் ஒரு நாள் அட்டவணையைக் குழுவினரே எழுதட்டும். அன்று தரையிலிருப்போர் திருத்தாமல் பார்த்திருக்கப் பழக வேண்டும்.